பட்லர் ஞானாதிக்கத்தின் பதினோரு இங்கிலீஷ் வார்த்தைகள்

கரடிச்சோலை எஸ்டேட்டுக்குப் பஸ் நேரத்துக்கு வந்த வருஷம் ஒன்றே ஒன்றுதான் உண்டு, அந்த ஒரு வருஷமும் மலையேறி வந்த பஸ்ஸைப் பார்த்து யாரும் அதிசயப்படவில்லை, ஏனென்றால் அதைவிடப் பெரிய அதிசயங்கள் மொய்துக்காவின் டீக்கடை பெஞ்சில் தினமும் நடந்துகொண்டிருந்தன, அவற்றைப் பார்த்தும் யாரும் அதிசயப்படவில்லை. எஸ்டேட்காரர்களின் சுபாவம் அப்படி. அட்டை கடித்தால் உப்பு வைப்பார்கள், யானை வந்தால் தகரம் தட்டுவார்கள், பட்லர் ஞானாதிக்கத்தின் வாயிலிருந்து ஒரு வார்த்தை விழுந்து பாதையை அடைத்திருந்த பாறை இல்லாமல் போனால், சரி, பஸ் வந்துவிடும் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள்.

பட்லருக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதில் அந்த மலையில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை, பட்லருக்கும் இருந்ததில்லை. முப்பத்தோரு வருஷம் விட்டேக்கர் துரையின் நாற்காலிக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டும் வெள்ளைக் கையுறையுமாக நின்றவர் அவர். ஆனால் துரை வேலைக்காரர்களிடம் பேசியதெல்லாம் உடைந்த தமிழ். இங்கிலீஷ் அவர் வாயிலிருந்து தானாகக் கொப்பளித்தது கோபம் வந்தபோது மட்டும்தான். லண்டனிலிருந்து கம்பெனிக் கடிதம் வந்தால் 'ஹாக்வாஷ்' என்பார், ரேடியோவில் நாளை வெயில் அடிக்கும் என்று சொன்னால் 'பாப்பிகாக்' என்பார், பக்கத்து எஸ்டேட் துரை தான் சுட்ட புலியின் நீளத்தைச் சொல்லச் சொல்ல அது சாப்பாட்டு மேஜையைவிட நீண்டுகொண்டே போனால் 'பால்டர்டாஷ்' என்று கரண்டியால் தட்டுவார். 'டாமிராட்', 'பிஃபில்', 'ஃபிடில்ஸ்டிக்ஸ்', 'ஹம்பக்' என்று இப்படி மொத்தம் பதினொன்று. எல்லாவற்றுக்கும் பொருள் ஒன்றேதான்: நீ சொல்வது சுத்தப் பேத்தல். முப்பத்தோரு வருஷத்தில் பட்லர் கற்றுக்கொண்ட இங்கிலீஷ் இவ்வளவுதான், அதுவும் இப்போது எந்தத் துரையும் வாயில் வைக்காத, அவர்களுடைய தாத்தாக்கள் காலத்துச் சரக்கு. அது தெரியாமல் பட்லர் அதைப் புதுச் சட்டை மாதிரி போட்டுக்கொண்டு திரிந்தார்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் பட்லர் துரையாகிவிடுவார். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டுவார், தட்டு தானாக வரவேண்டும். அவருடைய மனைவி தங்கபுஷ்பம் எஸ்டேட் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகத்தில் ஆயா, நாள் முழுக்க நாற்பது பிள்ளைகளின் மூக்கைத் துடைத்துவிட்டு வந்து நாற்பத்தோராவது பிள்ளைக்குச் சோறு போடுவாள். "ஒரு தடவ மணப்பாடு போய் கடலப் பாத்துட்டு வருவமா?" என்பாள். 'ஃபிடில்ஸ்டிக்ஸ்.' "இன்னைக்கு ரசம் நல்லா வந்திருக்குல்ல?" 'பிஃபில்.' "கடவாய்ப் பல்லு ரொம்ப வலிக்குதுங்க." 'டாமிராட்.' கல்யாணமான புதிதில் அதை ஜெபம் என்று நினைத்தாள், பிறகு வசவு என்று நினைத்தாள், பத்து வருஷம் போனபின் தகரக் கூரையில் மழை பெய்கிறது என்று விட்டுவிட்டாள். அந்தக் காலத்தில் வார்த்தைகள் வெறும் வார்த்தைகளாகத்தான் இருந்தன. பல்வலி இருந்த இடத்தில் இருந்தது, கடல் பார்க்கும் ஆசையும் இருந்த இடத்தில் இருந்தது.

துரை எஸ்டேட்டை விற்றுவிட்டுக் கப்பலேறினார். அதற்கு அடுத்த வாரம், ஆனி மாதத்து அடைமழையில், லாரி டிரைவர் ஒருவன் டீக்கடைக்குள் நனைந்தபடி நுழைந்து, பாலத்துக்கு இந்தப் பக்கம் வீடு அளவுக்கு ஒரு பாறை சரிந்து கிடக்கிறது, பத்து நாளைக்குப் பஸ் வராது என்றான். வேலை போன வெறுப்பில் பெஞ்சில் உட்கார்ந்து டீயை ஊதிக்கொண்டிருந்த பட்லர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "பாப்பிகாக்" என்றார். அவர் டீயைக் குடித்து முடிப்பதற்குள் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நின்றது. டிரைவர் ஓடிப்போய்ப் பார்த்தான். பாறை இருந்த இடத்தில் நனைந்த ரோடும், வீட்டைப் பறிகொடுத்த நாலைந்து தவளைகளும் இருந்தன.

"அது தொரை இங்கிலீஷாக்கும்," என்றார் மொய்துக்கா, டம்ளரைக் கழுவிக்கொண்டே. "பின்னே பலிக்காதெ இருக்குமோ?"

அவ்வளவுதான் விசாரணை. மறுநாள் காலை பட்லர் பெஞ்சுக்கு முன்னால் ஒன்பது பேர் நின்றார்கள், அதற்கு மறுநாள் வரிசை தபால் பெட்டியைத் தாண்டியது.

வேலம்மா என்ற கொழுந்தெடுப்பவளின் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோதுதான் இதில் ஒரு சூட்சுமம் இருப்பது தெரிந்தது. அவள் அழுதுகொண்டே வந்து நின்றதைப் பார்த்துப் பட்லரும் கலங்கிப்போய், நடுங்கும் உதட்டோடு பதினோரு வார்த்தைகளையும் வரிசையாகச் சொன்னார், ஒன்றும் நடக்கவில்லை. கம்பவுண்டர் சற்குணம் நாலு நாள் ஊசி போட்டுத்தான் குழந்தை பிழைத்தது. பயந்த வாயில் வார்த்தை பலிக்காது, கேட்பதைப் பட்லர் உள்ளுக்குள் பேத்தல் என்றே நம்பவேண்டும், அலட்சியம் அடிவயிற்றிலிருந்து வரவேண்டும் என்று சற்குணம் கண்டுபிடித்துச் சொன்னார். அன்றிலிருந்து கரடிச்சோலையில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. கஷ்டத்தைச் சொல்ல வருகிறவர்கள் அதைப் பீற்றிக்கொள்ளப் பழகினார்கள். இடுப்பில் கையை வைத்து, தலையைச் சிலுப்பி, "எங்க மாமியாருக்கு முட்டி வீங்கிப் பூசணிக்கா மாதிரி ஆயிருச்சு, தெரியும்ல பட்லரே, இந்த மலையிலயே இவ்வளவு பெரிய முட்டி யாருக்கும் கெடையாது!" என்பார்கள். பட்லருக்கு எரிச்சல் வரும். "ஹாக்வாஷ்!" மாமியார் வீட்டில் எழுந்து நின்று அம்மிக்கல்லை நகர்த்துவாள்.

பழக்கம் முற்றிப்போய் டீக்கடைக்கு வெளியேயும் ஜனங்கள் அப்படியே பேச ஆரம்பித்தார்கள். ஒருவன் எங்கப்பா செத்துட்டாரு என்று மார்தட்டிச் சொன்னால் மற்றவன் அதை இழவுச் செய்தியாக எடுத்துக்கொண்டு துண்டைத் தோளில் போட்டுக் கிளம்புவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஃபாதர் இஞ்ஞாசி வரிசையை ஒதுக்கிக்கொண்டு வந்து, "ஞானாதிக்கம், இது எந்த ஆவியோட வேலை?" என்று அதட்டினார். "இங்கிலீஷ் ஆவிதான் ஃபாதர்," என்றார் பட்லர். ஃபாதர் அக்கம்பக்கம் பார்த்தார், அங்கியை இழுத்துவிட்டுக்கொண்டு இடுப்பில் கைவைத்தார். "நம்ம கோயில் உத்தரத்த கறையான் முழுசாத் தின்னு தீத்துருச்சு, தெரியுமா?" என்றார். "ஹம்பக்!" என்றார் பட்லர். கோயில் இன்றும் நிற்கிறது.

கோளாறுகளும் உண்டு. தன் மீசையை முறுக்கினால் மலையே நடுங்கும் என்று சொன்ன ஒரு மேஸ்திரி 'பிஃபில்' வாங்கிக்கொண்டு மீசையில்லாமல் மழுமழுவென்று வீட்டுக்குப் போனான், அவன் பெண்டாட்டியே அவனை உள்ளே விடவில்லை. ஒருநாள் பள்ளிக்கூட வாத்தியார் டீ குடிக்க வந்த இடத்தில், உலகம் உருண்டை, அது அந்தரத்தில் சுற்றுகிறது என்று பட்லருக்குப் பாடம் எடுக்க ஆரம்பிக்க, பிறந்ததிலிருந்து அதை நம்பாத பட்லர் ஏளனமாக வாயைத் திறக்க, சற்குணம் பாய்ந்து தன் துண்டால் அந்த வாயைப் பொத்தியிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் சிலர் பேசிக்கொள்வார்கள். அதன்பிறகு துண்டோடு பட்லர் பக்கத்தில் ஒருவர் எப்போதும் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று யூனியனில் தீர்மானம் போட்டு, அந்த வேலையை வேலம்மாவுக்குக் கொடுத்தார்கள். துண்டு டீக்கடை எல்லைவரைக்கும்தான். வீட்டுக்குள் துண்டு எதற்கு என்று யாருக்கும் தோன்றவில்லை. அங்கே இருப்பது தங்கபுஷ்பம் மட்டும்தானே.

பட்லருக்குத் தலை கனத்துப் போயிற்று. துரை விட்டுப்போன பழைய தொப்பியைப் போட்டுக்கொண்டார். அது காதுவரை இறங்கிக் கண்ணை மறைத்தது, அதனால் நடக்கும்போது முகத்தை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நடந்தார், ஜனங்கள் அதைக் கம்பீரம் என்று நினைத்தார்கள்.

ஒருநாள் சாயங்காலம், நாற்பத்தேழு பேருக்குச் சொல்லித் தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். தங்கபுஷ்பம் சோற்றில் ரசத்தை ஊற்றினாள். தொப்பித் தழும்பு விழுந்த அந்த நெற்றியைப் பார்த்தாள், அவளுக்கு என்ன தோன்றியதோ, முப்பது வருஷத்தில் ஒருதரம்கூடச் சொல்லாததைச் சொன்னாள்.

"இப்ப ஊரே ஒங்களத் தூக்கி வச்சு ஆடுது. எனக்கு அப்ப இருந்தே ஒங்க மேல உசுருதான். ஒங்களுக்கு அது தெரியுமா தெரியாதான்னுதான் தெரியல."

பட்லருக்கு உள்ளே ஏதோ குழைந்தது. காது சூடானது. கண்ணில் தண்ணீர் வரப் பார்த்தது. இதற்கெல்லாம் என்ன செய்வது என்று துரை அவருக்குச் சொல்லித்தந்திருக்கவில்லை, கூச்சம் தாங்காமல் வாய் தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தது.

"பால்டர்டாஷ்!"

தங்கபுஷ்பம் கரண்டியைக் கீழே வைத்தாள். அவரைப் பார்த்தாள். கோபமில்லை, வருத்தமில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தவரைப் பார்ப்பதுபோல மரியாதையாகப் பார்த்தாள்.

"சார், இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுமா?" என்றாள்.

மறுநாள் காலையில் அவருக்குத் தனியாக ஒரு லோட்டா, தனியாக ஒரு சோப்பு. இவர் யார், இவர் பெயர் என்ன, இவரைக் கட்டிக்கொண்டது எந்தக் கோயிலில் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது, பிரியம் மட்டும்தான் இல்லை, அது இருந்த இடத்தில் நனைந்த ரோடு மாதிரி வெறிச்சென்று இருந்தது. "சாருக்கு ஊரு பக்கம் போற யோசன ஏதும் இருக்கா?" என்று ஒருநாள் சாதாரணமாகக் கேட்டாள். பட்லர் அன்றைக்கு டீக்கடைக்கு வந்து தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அழுதார்.

எஸ்டேட் கூடிவிட்டது. இது ஒன்றும் கம்பசூத்திரமில்லை என்றார் சற்குணம், போனதை வரவழைக்க அதே கதவைத் திருப்பித் திறந்தால் போயிற்று. வரிசையாக ஆட்கள் வந்து பட்லர் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்று, "தங்கபுஷ்பத்துக்கு ஒம்மேல துளிகூட ஆசை கெடையாது, தெரியும்ல!" என்று பீற்ற வேண்டும், அது பேத்தல் என்று பட்லர் சொல்ல வேண்டும், பிரியம் ஓடிவந்துவிடும்.

மொய்துக்கா சொன்னார். "பாப்பிகாக்!" வேலம்மா சொன்னாள். "ஹாக்வாஷ்!" ஃபாதர் இஞ்ஞாசி சுவிசேஷம் வாசிக்கும் குரலில் சொன்னார். "டாமிராட்!" மீசை போன மேஸ்திரி வஞ்சம் தீர்த்துக்கொள்ளும் சந்தோஷத்தில் மூன்று தடவை சொன்னான். பதினோரு வார்த்தையும் தீர்ந்தது. காப்பகத்து வாசலில் நின்று பார்த்துவரப் போன ஆள் திரும்பிவந்து, "அந்தத் தொப்பிக்கார சாருக்கு இப்ப என்ன வேணுமாம்னு கேக்குறாங்க," என்றான்.

"பட்லரே, உள்ளுக்குள்ள நம்பித்தான் சொல்றீரா?" என்று சற்குணம் கேட்டார்.

அங்கேதான் முட்டுக்கட்டை. ஒரு பெண்ணுக்கு அவர்மேல் ஆசை இல்லை என்று யாராவது சொன்னால், அதில் பேத்தல் எங்கே இருக்கிறது? பளிச்சென்ற நியாயம் அல்லவா அது! முப்பது வருஷம் கூட வாழ்ந்தவளின் பல்வலியைக்கூடக் கேட்காத மனுஷனை எந்தப் பைத்தியம் விரும்பும்? அவள் விரும்பியதுதான் பேத்தல் என்று இப்போது தோன்றியது, அதனால்தான் அந்த ஒரு வார்த்தை அன்றைக்கு அவ்வளவு சுத்தமாகப் பலித்திருக்கிறது. வீட்டுக்குப் போய்ச் சவரக் கண்ணாடி முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றார். "நானும் ஒரு நல்ல புருஷன்தான்," என்று தனக்குத்தானே பீற்றிப் பார்த்தார். யோசிக்குமுன் வாய் "ஹம்பக்!" என்றது, அடிவயிற்றிலிருந்து, அத்தனை பலத்தோடு. ஆனால் எதுவும் மறையவில்லை. மறைவதற்கு அங்கே எதுவும் இருந்ததில்லை.

பட்லருக்கு முதல்முறையாகத் தன்னை நினைத்துச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை, ஆனாலும் சிரிப்பு. தனக்கு என்னதான் தெரியும் என்று விரல்விட்டுப் பார்த்தார். பதினோரு வார்த்தைகளைக் கழித்துவிட்டால் மிச்சம் இருந்தது பட்லர் வேலை ஒன்று. அதையும் வீட்டில் ஒருநாளும் செய்ததில்லை.

மறுநாள் விடிந்ததும் வெள்ளைக் கோட்டையும் கையுறையையும் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து இஸ்திரி போட்டார். பாயில் எழுந்து உட்கார்ந்த தங்கபுஷ்பத்துக்கு முன்னால் தட்டில் டீயும் இரண்டு பிஸ்கட்டும் வந்து நின்றன. மத்தியானம் காப்பகத்துக்கு அடுக்குப் பாத்திரத்தில் வெந்நீரில் சூடாக்கிய தட்டோடு சாப்பாடு போயிற்று. சாயங்காலம் சூப். "இது என்ன சார், வடிகஞ்சில மொளகுத்தூளா?" என்று அவள் கேட்டாள். முப்பத்தோரு வருஷம் துரைமார் பாராட்டிய சூப்! வார்த்தை ஒன்று தொண்டைவரை வந்தது. ஆனால் கோட்டுப் போட்ட பட்லர் மேஜையில் இருப்பவரை மறுத்துப் பேசக்கூடாது, அது தொழில் தர்மம். பின்னால் நின்று கையைக் கட்டிக்கொண்டார். பேசாமல் நிற்கிறவனுக்குக் கேட்பதைத் தவிர வேறு வேலை என்ன இருக்கிறது? அவர் கேட்டார். காப்பகத்தில் எந்தப் பிள்ளை மண் தின்கிறது, எந்தப் பிள்ளை தூக்கத்தில் சிரிக்கிறது, கடலை ஒருதரம் பார்த்தால் அதில் கால் வைப்பாளா மாட்டாளா, கடவாய்ப் பல் எப்போதெல்லாம் வலிக்கும் என்று அவள் சுவரைப் பார்த்துப் பேசுவதுபோல இந்தப் பணிவான வெளியாளிடம் பேசிக்கொண்டே போனாள். இவ்வளவு நாளும் இவள் இத்தனை வேடிக்கையாகப் பேசுகிறவளா என்று பட்லருக்கு வெட்கமாக இருந்தது. ஒருநாள் பல்வலி என்றாள். அவர் ஓடிப்போய்ச் சற்குணத்தைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். சற்குணம் பல்லைப் பிடுங்கினார்.

டீக்கடை பெஞ்சுக்கு அவர் போவதை நிறுத்திவிட்டார். வாயைத் திறந்தால் எது போய்விடுமோ என்ற பயம். பாறைகள் பழையபடி சரிந்தன, பஸ் பழையபடி நின்றது, மாமியார்களின் முட்டி வீங்கியது, எஸ்டேட் நாலு நாள் முணுமுணுத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தது. பீற்றிக்கொள்கிற பழக்கம் மட்டும் போகவில்லை.

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை, டப்பாப் பாலில் கேரமல் புட்டிங் செய்து, தட்டில் கவிழ்த்து, அது உடையாமல் குலுங்க, அவள் முன்னால் கொண்டுவந்து வைத்தார். துரைக்கு மாதாமாதம் செய்த புட்டிங். அவளுக்கு அதுவரை ஒரு கரண்டிகூடக் கொண்டுவந்ததில்லை. அவள் ஒரு வாய் சாப்பிட்டாள். இன்னொரு வாய் சாப்பிட்டாள். பிறகு தலையைத் தூக்கி, நெற்றியில் வியர்வையோடு கையைக் கட்டி நிற்கும் ஆளை, அவருடைய நரைத்த மீசையை, இஸ்திரி போட்டும் கசங்கிய காலரை நிதானமாகப் பார்த்தாள்.

"இந்த மூஞ்சியும் அப்படி ஒண்ணும் மோசமில்ல," என்றாள். "பாக்கப் பாக்கப் புடிக்குது."

ஜன்னலுக்கு வெளியே செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் நின்ற வேலம்மாவின் கையிலிருந்து வாளி நழுவியது, அவள் துண்டைத் தேடி இடுப்பைத் தடவினாள், துண்டு இல்லை. உள்ளே பட்லரின் காது சூடானது. கூச்சம் முழங்காலிலிருந்து ஏறியது, வயிற்றைத் தாண்டியது, நெஞ்சைத் தாண்டியது, கூடவே அந்த வார்த்தையும் ஏறியது. உதடு தானாக ஒட்டிக்கொண்டு 'பா' என்பதற்குத் தயாரானது. இந்த மூஞ்சியா? பாக்கப் பாக்கப் பிடிக்குதா? இதைவிடப் பேத்தல் உலகத்தில் உண்டா? இத்தனை நம்பிக்கையோடு அவர் வாழ்நாளில் எதையும் பேத்தல் என்று நினைத்ததில்லை. சொன்னால் நிச்சயம் பலிக்கும்.

அவர் பல்லைக் கடித்தார். வார்த்தை மேலண்ணத்தில் முட்டியது, மூக்கு வழியாக வரப் பார்த்தது, கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. பட்லர் கையுறைக் கையால் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கசப்பு மாத்திரையை விழுங்குகிற பிள்ளை மாதிரி கழுத்தை நீட்டி அதை விழுங்கினார். தொண்டையில் கீறிக்கொண்டு அது இறங்கியது, அதற்குப் பின்னால் மற்ற பத்தும் இறங்கின. மூன்று நாள் அவருக்கு வயிற்றுவலி இருந்தது.

வாய் காலியாகிவிட்டது. அதில் என்ன போடுவது என்று பட்லர் ஞானாதிக்கத்துக்குத் தெரியவில்லை. பிறகு வாழ்க்கையில் முதல்தடவையாக, நாற்காலிக்குப் பின்னாலிருந்து முன்னால் வந்து, கையுறையைக் கழற்றி, அவளுக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னொரு தடவ சொல்லேன்," என்றார்.

அவள் சொன்னாள். அவர் கடைசிவரை கேட்டார்.